கலப்புச் சண்டைக் கலையின் பிறப்பிடம்: கட்டுரைக்கு ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று உலகெங்கும் தொலைக்காட்சியில் காட்டப்படும் எம்.எம்.ஏ. என்னும் கலப்புச் சண்டைப் போட்டி, போதிதர்மர் காஞ்சியிலிருந்து சீனத்துக்குக் கொண்டுபோன தமிழர் கலையின் நேரடி வழித்தோன்றல் என்று தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை அறுதியிட்டுச் சொன்னது. அதை மறுத்து வந்த வாசகர் கடிதமோ, அந்தக் கலையின் தந்தை புரூஸ் லீயே என்று அதே உறுதியோடு முடித்துவிட்டது. பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், சிறுவயதிலேயே கம்பு பிடித்தவன் என்ற முறையில் இரண்டையும் ஊன்றிப் படித்தேன். இரண்டுமே ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகின்றன. அதைவிடப் பெரிய குறை, பல கலைகளைச் சேர்த்துப் பயிலும் பழக்கம் எப்படி உண்டாயிற்று என்ற கேள்வியை இரண்டுமே கேட்கவில்லை.

முதலில் போதிதர்மர். அவரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547 அளவில் யாங் சுவான்ச்சி என்பவர் லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அதில் அவர் மேற்குத் திசை நாடுகளிலிருந்து வந்த பாரசீகத் துறவி. யோங்நிங் கோயிலின் அழகைக் கண்டு வியந்து நின்றவர். அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின், அவர் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று எழுதுகிறார். ஏழாம் நூற்றாண்டில் தாவ்சுவான் அவரைத் தென்னிந்திய அந்தணர் என்கிறார். ஆக, தென்னிந்தியா என்பது வரை நமக்குச் சாதகமான சான்று உண்டு. காஞ்சியும் பல்லவ குலமும் பிற்காலத்தார் சேர்த்துக்கொண்டவை. ஆனால் இந்த மூவரில் ஒருவர்கூட, போதிதர்மர் யாருக்காவது சண்டை கற்றுக்கொடுத்தார் என்று ஒரு வரி எழுதவில்லை. அவர்கள் காட்டும் போதிதர்மரிடம் துறவும் தியானமும் தவிர வேறொன்றையும் காணோம்.

சண்டைக் கதைக்கு மூலமாகக் காட்டப்படும் 'யீஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அதன் முன்னுரை மட்டும் ஏழாம் நூற்றாண்டுத் தேதியைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அது போலி என்பதைச் சீன அறிஞர்களே 18ஆம் நூற்றாண்டில் சொல்லிவிட்டார்கள். 1930 வாக்கில் தாங் ஹாவ் என்ற வரலாற்றாசிரியர் ஷாவோலின் என்னும் சீனப் பௌத்த மடத்தைப் பற்றிய கதைகளைத் துருவி ஆராய்ந்து அதை மறுபடியும் நிறுவினார். போதிதர்மரே ஷாவோலின் சண்டைக் கலையின் மூலவர் என்ற கருத்து சீனத்திலேயே பரவலானது, 1904க்கும் 1907க்கும் இடையில் தொடராக வெளிவந்த ஒரு நாவல் வழியாகத்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மிங் அரசர்கள் காலத்தில் ஷாவோலின் துறவிகள் பெயர் பெற்றிருந்தது கம்புச் சண்டைக்கு, வெறுங்கைச் சண்டையில் அவர்கள் புகழ் அடைந்தது அதற்குப் பிறகு. இதைக் கேட்கச் சிலம்பக்காரனுக்கு இனிக்கத்தான் செய்கிறது. அதற்காக அந்தக் கம்பு நம் கொல்லையில் வெட்டியது என்று சொல்லிவிட முடியுமா?

வருத்தம் என்னவென்றால், நம்மிடம் உண்மையாக இருக்கும் சான்றைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. புறநானூற்றின் 80ஆம் பாடலில், ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்திய மற்போரைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பில் மடிந்து அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்துக்கொண்டு அவன் முதுகுப்புறம் வளைகிறது. பிறகு மூங்கிலை முறிக்கும் யானையைப் போல, தலையும் காலும் முறிய மோதுகிறான். மகனோடு பகை கொண்டிருந்த தந்தை தித்தன் இதைக் காண வேண்டும் என்று புலவர் ஏங்குகிறார். எதிராளியின் உடலைக் கால்களால் பூட்டுவதை இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்து எழுதியவர் மற்போர் பார்த்துப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். நரசிம்மவர்மப் பல்லவன் மாமல்லன் என்ற பட்டத்தைப் பெருமையாகச் சூடிக்கொண்டதும், மானசோல்லாசம் என்னும் 12ஆம் நூற்றாண்டு சமஸ்கிருத நூல் மல்லர்களின் உணவையும் பயிற்சியையும் விரித்துச் சொல்வதும் இதே தென்னாட்டு மரபின் தடயங்கள். நம் பழைய ஆசான்கள் கம்போடு நிறுத்தவில்லை. காலடி முதிர்ந்த பிறகு குத்துவரிசை, அதன் பின் பிடிவரிசை, தேறியவனுக்கு வர்மம் என்று படிப்படியாகக் கொண்டுபோனார்கள். அடி, குத்து, உதை, பூட்டு எல்லாம் ஒரே வாத்தியாரிடம் கிடைத்தன.

இவ்வளவும் இருப்பதால் எம்.எம்.ஏ. நம்முடையது ஆகிவிடுமா என்றால், ஆகாது. இதைவிட நெருங்கிய ஒப்புமை கிரேக்கரிடம் இருக்கிறது. கி.மு. 648இல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட பங்கிரேஷன் என்னும் சண்டைப் போட்டியில் கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் தவிர ஏறக்குறைய எல்லாம் செல்லும். ஆனால் பண்டைய ஒலிம்பிக் மறைந்தபோது அதுவும் மறைந்தது. இடையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டு வெற்றிடம். கிரேக்கர் இன்று உரிமை கொண்டாடினால் நாம் சிரிப்போம் அல்லவா? இரண்டு கை, இரண்டு கால் உள்ள மனிதன் எங்கே சண்டையிட்டாலும் சில பிடிகள் தாமாக வந்து சேரும். சாயல் இருப்பது வேறு, யார் யாரிடம் கற்றார் என்ற தொடர்ச்சி இருப்பது வேறு. உரிமை கோருகிறவர் காட்ட வேண்டியது இரண்டாவதை.

அந்தத் தொடர்ச்சி கண்ணுக்குத் தெரியும் இடங்களில் ஒன்று பிரான்ஸ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் தெருக்களில் வழங்கிய சவாத் என்னும் சண்டைக் கலை பெரும்பாலும் கால் வேலை. கையை விரித்து அறைவதற்கும் உதையைத் தட்டிவிடுவதற்கும் பயன்படுத்தினார்கள். ஷார்ல் லெகூர் என்ற சவாத் ஆசிரியர் 1830களில் ஓவன் ஸ்விஃப்ட் என்னும் ஆங்கிலேயக் குத்துச்சண்டைக்காரரோடு மோதி, அவருடைய கைகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறினார் என்று அந்த மரபே சொல்கிறது. லெகூர் ஊர் திரும்பி ஆங்கிலேயரை ஏசிக்கொண்டு உட்காரவில்லை. முறையாகக் குத்துச்சண்டை கற்றார். அவர்களுடைய கையையும் தம்முடைய காலையும் ஒன்றாக்கினார். அப்படி உருவான பிரெஞ்சுக் குத்துச்சண்டை 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது. 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த நம் புதுச்சேரியில் தெருப் பெயர்களும் சொல்தாக்கள் எனப்படும் பிரெஞ்சுப் படைவீரர்களின் பென்ஷனும் எஞ்சியிருக்கின்றன. ஆனால் சவாத் என்ற பெயரைக்கூட என்னோடு பணியாற்றிய உடற்கல்வி ஆசிரியர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லண்டனில் 1899 வாக்கில் எட்வர்ட் பார்ட்டன்-ரைட் ஜப்பானிய ஜுஜுட்சு, குத்துச்சண்டை, சவாத், கைத்தடிச் சண்டை நான்கையும் ஒரே கூரையின் கீழ் கற்பித்த பார்ட்டிட்சு சங்கம் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. கலப்புச் சண்டைக்கு முன்னோடி என்று அதைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

1882இல் கோடோகான் என்னும் ஜூடோ பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோவின் கதை இன்னும் தெளிவானது. இளமையில் அவரோடு பயின்ற ஃபுகுஷிமா என்ற பருமனான மாணவரை அவரால் வெல்லவே முடியவில்லை. ஜுஜுட்சுவில் விடை கிடைக்காததால் சுமோ உத்திகளை முயன்றார், அதுவும் பலிக்கவில்லை. பிறகு டோக்கியோவில் ஒரு நூலகத்துக்குப் போய் மேலைநாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, எதிராளியைத் தோளில் குறுக்காகத் தூக்கி எறியும் வீச்சைக் கண்டுபிடித்தார். ஃபுகுஷிமா விழுந்தார். அந்த வீச்சு 'கதா குருமா' என்று இன்றும் ஜூடோ பாடத்தில் இருக்கிறது. உலகமே ஜப்பானின் தூய மரபு என்று நினைக்கும் ஜூடோவில் ஐரோப்பிய மல்யுத்தம் கலந்திருக்கிறது. அதைச் சொல்லிக்கொள்ளக் கானோ கூச்சப்படவில்லை.

கானோவின் பள்ளியிலிருந்து புறப்பட்ட மித்சுயோ மாயேதா, பிரிட்டனிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் மல்யுத்தக்காரர்களோடு மோதியபடியே 1914இல் பிரேசிலுக்குப் போய்ச் சேர்ந்தார். பெலெம் நகரில் அவரிடம் கற்றவர்களில் ஒருவர் கார்லோஸ் கிரேசி. அந்தக் குடும்பத்தின் கலை பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்று பெயர் பெற்றது. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் கார்லோஸின் தம்பி ஹீலியோ கிரேசி, ஜப்பானிலிருந்து வந்த மசாஹிகோ கிமுராவிடம் கை முறிக்கும் பூட்டில் சிக்கித் தோற்றார். கிரேசி குடும்பத்தார் அந்தப் பூட்டைத் தங்கள் பாடத்தில் சேர்த்துக்கொண்டதோடு அதற்குக் கிமுரா என்றே பெயர் வைத்தார்கள். தம்மை வென்றவனின் பெயரையே தம் பாடத்துக்குச் சூட்டிய குடும்பத்தை எண்ணிப் பார்க்கிறேன். நம் ஊரில் அப்படி ஒரு பெயர் வைக்க எந்த வாத்தியாருக்கு மனம் வரும்?

ஹீலியோவின் மகன் ரோரியன் பங்கெடுத்து உருவாக்கியதுதான் யு.எஃப்.சி. என்னும் எம்.எம்.ஏ. அமைப்பின் முதல் போட்டி, 1993ஆம் ஆண்டில். எடைப்பிரிவு கிடையாது, ஒரே இரவில் மூவரை வென்றால் பட்டம். ரோரியனின் தம்பி ராய்ஸ் கிரேசி இறுதிச் சுற்றில் பின்புறமிருந்து கழுத்தைப் பிடித்துப் பணிய வைத்தது ஜெரார்ட் கோர்டோ என்ற டச்சுக்காரரை. அவர் சவாத் வீரர். ஜப்பானியர் இதற்கும் ஒரு எதிர்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். சதோரு சயாமா 1985இலேயே ஷூட்டோ என்ற கலப்புச் சண்டை முறையை நிறுவிவிட்டார். பான்கிரேஸ் அமைப்பின் முதல் போட்டி 1993 செப்டம்பரில், அதாவது யு.எஃப்.சி.க்கு இரண்டு மாதம் முன்னால் நடந்தது. இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான்.

ராய்ஸ் வென்ற இரவில் எம்.எம்.ஏ. முழுமையடைந்துவிடவும் இல்லை. அன்று ஒரே கலை மற்ற கலைகளை வென்றது, அவ்வளவே. கலப்பு என்பது அதன் பிறகு, தோற்றவர்கள் பாடம் படிக்கத் தொடங்கியபோது வந்தது. மல்யுத்த வீரர்கள் கழுத்துப் பிடியிலிருந்து தப்பப் பழகிக்கொண்டு மேலே அமர்ந்து குத்தினார்கள். அடுத்தபடியாக, கிக் பாக்ஸிங் வீரர் மோரிஸ் ஸ்மித், தரையில் மாட்டிக்கொண்டால் எப்படிப் பாதுகாப்பாக இருந்து எழுந்துகொள்வது என்பதை ஃபிராங்க் ஷாம்ராக்குடன் சேர்ந்து பயின்று, 1997 ஜூலையில் அசைக்க முடியாதவர் என்று கருதப்பட்ட மல்யுத்த வீரர் மார்க் கோல்மனைக் களைக்க வைத்துத் தோற்கடித்தார். எம்.எம்.ஏ.வுக்குப் பிறந்தநாள் குறிக்க என்னைச் சொன்னால் இந்த நாளைத்தான் குறிப்பேன். முதல் யு.எஃப்.சி.யையோ ஜப்பானியரின் போட்டிகளையோ குறிக்க மாட்டேன்.

புரூஸ் லீயைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. விங் சுன் என்னும் சீனச் சண்டைக் கலையோடு குத்துச்சண்டையும் வாள் வீச்சும் படித்தவர். ஜூடோவும் மல்யுத்தமும் தெரிந்த ஜீன் லெபெலிடம் தரைப் பிடிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். அமெரிக்காவின் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேன் என்ற குங்ஃபூ ஆசிரியரோடு நடந்த தனிச் சண்டையில் வென்றது யார் என்பதில் இன்றும் வாய்ச்சண்டை ஓயவில்லை. ஆனால் அது தாம் எதிர்பார்த்ததைவிட நீண்டு மூச்சு வாங்க வைத்ததால்தான் தம் பயிற்சி முறையையே அவர் மாற்றினார் என்பது அவர் குடும்பத்தார் தரப்பு. சிந்தனையை மக்களிடம் பரப்பியதில் அவருக்கு ஈடு இல்லை. இருந்தாலும் அவர் இறந்தது 1973இல். கிரேசி குடும்பம் அதற்கு முன்பிருந்தே பிரேசிலில் பிற கலைக்காரர்களோடு மோதிக்கொண்டிருந்தது. அவரைத் தந்தை என்று அழைத்தால் லெகூரையும் கானோவையும் எந்த உறவுமுறை சொல்லி அழைப்பது?

இனி நம் நாட்டுப் பங்குக்கு வருகிறேன். மேலே சொன்ன சயாமாவுக்கும் பான்கிரேஸ் நிறுவிய ஃபுனாகி, சுசுகி ஆகியோருக்கும் பொதுவான ஒரு குரு உண்டு. அவர் கார்ல் காட்ச். ஆன்ட்வெர்ப்பில் பிறந்து, 1948 ஒலிம்பிக்கில் பெல்ஜியம் சார்பில் மல்யுத்தம் செய்து, இங்கிலாந்தின் விகன் நகரில் பில்லி ரைலியின் கூடத்தில் தேர்ந்து, ஜப்பானுக்குப் போய் ஒரு தலைமுறையையே உருவாக்கியவர். அவர் சீடர்களுக்கு விதித்த பயிற்சி எதுவென்று பார்த்தால் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. மூன்றும் இந்திய மல்லர்களிடமிருந்து போனவை. கர்லாக்கட்டையை 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆங்கிலேயப் படை அதிகாரிகள் கண்டு தங்கள் ராணுவப் பயிற்சியில் சேர்த்தார்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவி, 1904இலும் 1932இலும் ஒலிம்பிக் போட்டியாகவே அது நடத்தப்பட்டது. இந்தத் தொடர்ச்சிக்கு ஆளும் உண்டு, ஆண்டும் உண்டு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன் துறவி ஒருவர் கடல் கடந்த கதைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிய கட்டுரையில், கையில் எடுத்துச் சுற்றக்கூடிய இந்தச் சான்றுக்கு ஒரு வரி இல்லை.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் வரலாற்று ஆர்வம் மட்டுமன்று. 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான், நமக்கென்ன புதிதாகக் கற்க இருக்கிறது' என்ற மனநிலையைக் களத்தில் பார்க்கிறேன். நகரத்தை ஒட்டிய ஊர் ஒன்றில், ஜூடோ வகுப்புக்குப் போனாள் என்பதற்காக ஒரு மாணவியைச் சிலம்பக் களத்தில் இறங்கக் கூடாது என்று ஓர் ஆசான் நிறுத்திவிட்டார். மீனவர் குடும்பத்துப் பெண். வயதுக்கு மீறிய தெளிவான வீச்சு. அவள் ஜூடோ விரிப்பில் முதன்முதலாக இறங்கியபோது நான் அருகில் இருந்தேன். சிலம்பத்துக்கு வைப்பதுபோல் முன்காலை நீட்டி வைத்து நின்றாள். எதிரே இருந்த பெண் அந்தக் காலைத்தான் பெருக்கித் தள்ளினாள். விழுந்தாள், எழுந்தாள், மறுபடி அதே காலை நீட்டினாள், மறுபடி விழுந்தாள். சில வாரங்களில் நிற்கும் முறையைக் குறுக்கிக்கொண்டாள். அதற்குள் எதிர்ப்பக்கத்தில் வேறொரு முறையீடு எழுந்தது: இவள் சட்டைக் கழுத்தைப் பிடித்தால் விடுவிக்கவே முடியவில்லை. கம்பைச் சுற்றிச் சுற்றி இறுகிய மணிக்கட்டும் விரல்களும் அங்கே பலித்தன. ஜூடோ பயிற்சியாளர் அவளிடம் கம்பு சுற்றக் காட்டச் சொல்லித் தம் மாணவிகளை நிறுத்திப் பார்க்க வைத்தார். அவளைத் தடுத்த ஆசானுக்குக் கலை தெரியாமல் இல்லை. தம் குருவே குத்துவரிசையை வேறோர் ஊர் ஆசானிடம் போய்க் கற்றவர் என்பதைத்தான் அவர் மறந்துவிட்டார்.

சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியது. அதே ஆண்டு ஜூனில் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமர், வூஷூ என்னும் சீனச் சண்டைக் கலையிலிருந்து வந்தவர். கடலூரிலும் புதுச்சேரியிலும் சிலம்பம் பயிலும் பிள்ளைகளில் சிலர் நாளை அந்தப் பக்கம் போக விரும்பலாம். தங்கள் இணைப்பிதழ் அவர்களுக்காக எழுத நினைத்தால், மஞ்சக்குப்பத்திலிருந்து முத்தியால்பேட்டை வரை இன்னும் உயிரோடிருக்கும் மூத்த ஆசான்களை அணுகி, அவர்கள் யாரிடம் எதைக் கற்றார்கள், பிடிவரிசையில் எத்தனை பூட்டுகள் அவர்கள் நினைவில் உள்ளன என்று கேட்டு அச்சிடலாம். போதிதர்மரைப் பற்றி இன்னொரு பக்கம் எழுதுவதைவிட அது பயன்தரும்.

கடைசியாக இரண்டு திருத்தங்கள். முதல் யு.எஃப்.சி. போட்டி 1995இல் லாஸ் வேகாஸில் நடந்ததாகக் கட்டுரையில் உள்ளது. அது 1993 நவம்பர் 12 அன்று டென்வர் நகரின் மெக்நிக்கல்ஸ் அரங்கில் நடந்தது. கட்டுரையோடு வெளியான படத்தில் இளைஞர் தோளுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் கட்டையைச் 'சீன ஆயுதம்' என்று படக்குறிப்பு சொல்கிறது, அது கர்லாக்கட்டை. அடுத்த இணைப்பிதழில் இரண்டையும் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.